மூன்று எழுத்தைப் பார்த்துப் புறப்படுங்கள்

(வேலைக்கும் உம்ராவுக்கும் வெளிநாடு செல்வோருக்கான வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கிவிட்டார்கள். நான் பேச வந்தது ஒரு சின்ன விஷயம். உங்கள் விமான டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். நம்மில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் டிக்கெட் போடுகிற கம்ப்யூட்டரும், பெட்டி ஏற்றுகிற ஊழியரும் நீங்கள் போகும் இடத்தை அறிவது அந்த மூன்று எழுத்தை வைத்துத்தான்.

ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் இந்த எழுத்துகளை ஒதுக்குகிறது. சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., கோவைக்கு சி.ஜே.பி. மும்பையின் பெயர் மாறிப் பல வருடம் ஆகியும், பம்பாய் காலத்து பி.ஓ.எம். இன்னும் மாறவில்லை. ஆகவே பெயரை வைத்து எழுத்தை ஊகிக்காதீர்கள், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. போனில் டிக்கெட் எடுக்கும்போது ‘திரு’ என்று தொடங்கினாலே திருச்சி, திருவனந்தபுரம், திருப்பதி என்று வரிசையாக வரும். திருச்சி டி.ஆர்.இசட்., திருவனந்தபுரம் டி.ஆர்.வி. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அவசரத்தில் விரல் தவறினால் புறப்பட வேண்டிய மாநிலமே மாறிவிடும்.

ஒரே ஊருக்கு இரண்டு விமான நிலையங்களும் உண்டு. துபாயில் பழைய விமான நிலையம் டி.எக்ஸ்.பி.; அல் மக்தூம் விமான நிலையம் டி.டபிள்யூ.சி. பக்கத்து ஷார்ஜாவுக்கு எஸ்.ஹெச்.ஜே. என்று தனி எழுத்து. கோலாலம்பூருக்கு கே.யூ.எல்., அதன் அருகே சுபாங்குக்கு எஸ்.இசட்.பி. முதல்முறை வேலைக்குப் போகும் பிள்ளை ஷார்ஜாவில் இறங்குகிறான், அழைத்துப் போக வேண்டியவர் துபாயில் நிற்கிறார் என்றால், கையில் அந்த நாட்டு சிம் கார்டுகூட இல்லாத அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். அழைக்க வருபவரிடம் “துபாய் வருகிறேன்” என்று சொல்லாதீர்கள். விமான எண்ணையும் மூன்று எழுத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

உம்ரா செல்வோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மக்காவுக்குப் போவோர் பெரும்பாலும் இறங்குவது ஜித்தாவில், அது ஜே.இ.டி. மதீனா எம்.இ.டி. இங்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஜித்தாவில் இறங்கி, ஜியாரத்தை முடித்து, மதீனாவிலிருந்தே ஊர் திரும்பும்படி பல குழுக்களுக்கு டிக்கெட் போடுகிறார்கள். சிலருக்குத் திரும்புவதும் ஜித்தாவிலிருந்துதான். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர். விமானம் புறப்படும் நேரத்தில் தவறான ஊரில் இருந்தால் ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மறுபடியும் ஒரு டிக்கெட் எடுக்க நேரும். அதனால் போகும் டிக்கெட்டைப் பார்ப்பது போலவே, திரும்பும் டிக்கெட்டின் எழுத்தையும் ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பெட்டி. கவுண்டரில் பெட்டியில் ஒட்டும் நீளத் தாளில், அது கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் எழுத்து பெரிதாக அச்சாகும். கொழும்பு வழியாக ஜித்தா போகிறீர்கள், தாளில் ஜே.இ.டி. இருந்தால் பெட்டி ஜித்தா வரை போகும். கொழும்பின் சி.எம்.பி. மட்டும் இருந்தால் கவுண்டரை விட்டு நகராதீர்கள், அங்கேயே கேளுங்கள். வளைகுடாவிலிருந்து மும்பை வழியாகத் திருச்சி திரும்புவோருக்கு இன்னொரு செய்தி: தாளில் திருச்சி என்று இருந்தாலும், சுங்கச் சோதனைக்காகப் பொதுவாக மும்பையிலேயே பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஏறும் இடத்திலேயே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி வரவில்லையென்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அங்குள்ள கவுண்டரில் புகார் கொடுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணே அந்த விமான நிலையத்தின் மூன்று எழுத்தில்தான் தொடங்கும். கவுண்டரில் தந்த பெட்டிச் சீட்டையும், இந்தப் புகார் எண்ணையும் பத்திரமாக வைத்திருங்கள்.

சொல்ல மனம் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் மவுத்தாகும் நம்மவரின் மையித் ஊருக்கு வரும்போது, அது சரக்குப் பிரிவு வழியாக வருகிறது. அதற்கான ஏர்வே பில் என்ற தாளில் புறப்படும் இடமும் சேரும் இடமும் இருக்கும். அதன் நகலை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். சேரும் இடம் எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, டி.ஆர்.இசட். என்றால் திருச்சி. அதைப் பார்த்த பிறகே ஆம்புலன்ஸை அனுப்புங்கள். பயணிகள் வெளிவரும் வாசலுக்குப் போகாமல், சரக்குப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். ஜனாஸாவுக்காக ஊரே காத்திருக்கும் வேளையில், இந்த ஒரு கவனம் அந்தக் குடும்பத்தைப் பல மணி நேர அலைச்சலிலிருந்து காப்பாற்றும்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதே” என்று பெரியவர்கள் தயங்க வேண்டாம். எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. வடிவம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். போகும் ஊரின் மூன்று எழுத்தை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி வாங்கி, பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். டிக்கெட், போர்டிங் பாஸ், பெட்டித் தாள் மூன்றோடும் அந்த அட்டையை ஒத்துப் பாருங்கள். வழியில் வேறு விமானம் மாறுவதாக இருந்தால், அந்த ஊருக்கும் ஓர் அட்டை வேண்டும்.

இங்கே வந்திருக்கும் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலிருந்து யார் பயணம் புறப்பட்டாலும், அவர் வீட்டுக்குப் போய் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, அந்த அட்டையை எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதனால் ஒரு குடும்பத்தின் பணமும் நிம்மதியும் மிஞ்சும்.

எல்லோருடைய பயணத்தையும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. வஸ்ஸலாம்.