இரவு பன்னிரண்டா? பகல் பன்னிரண்டா?

(மைசூர் அக்ரஹாரத்தில் கற்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

நீங்கள் எழுத்துக் கற்றீர்கள். எண்ணும் கற்றீர்கள். இப்போது பஸ் போர்டைப் படிக்கிறீர்கள். ரயில் டிக்கெட்டைப் படிக்கிறீர்கள். ஆனால் நன்றாகப் படித்தவர்களையும் குழப்புகிற எண் ஒன்று இருக்கிறது. அது 12. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். கடிகாரத்திலோ 12 எண்கள்தான். நம் அரண்மனைக்கு வடக்கே உள்ள பெரிய மணிக்கூண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைத் தொட்ட கடியாரம் என்கிறோம். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியின் வெள்ளி விழா நினைவாக 1927-ல் அதைக் கட்டினார்கள். அதன் உயரம் 75 அடி. அதில் இருப்பவை கன்னட எண்கள். அங்கும் 12 எண்கள்தான். சின்ன முள் ஒரு நாளில் இரண்டு முறை சுற்றுகிறது. ஆகவே எல்லா மணியும் நாளுக்கு இரண்டு முறை வரும்.

நேரில் பார்த்தால் குழப்பம் இல்லை. வெயில் இருந்தால் பகல் 12. இருட்டாக இருந்தால் இரவு 12. ஆனால் காகிதத்தில் வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. அதனால்தான் மணிக்குப் பக்கத்தில் ஏ.எம். என்றும் பி.எம். என்றும் எழுதுகிறார்கள். இவை லத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கம். ஏ.எம். என்றால் உச்சிப் பொழுதுக்கு முன். பி.எம். என்றால் உச்சிப் பொழுதுக்குப் பின்.

காலை 9 மணி உச்சிக்கு முன். ஆகவே ஏ.எம். மாலை 5 மணி உச்சிக்குப் பின். ஆகவே பி.எம். இதுவரை சரி. பகல் 12 மணி எது? அதுவே உச்சி. அது உச்சிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரவு 12 மணி எது? அது முந்தின உச்சிக்குப் பின் 12 மணி நேரம். அடுத்த உச்சிக்கு முன்னும் 12 மணி நேரம். இரண்டும் பொருந்துகிறது. பார்த்தீர்களா? குழப்பம் நம்மிடம் இல்லை. அந்த எழுத்துகளிலேயே இருக்கிறது.

ஆகவே உலகத்தார் பெரும்பாலும் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். பகல் 12 என்றால் பி.எம். இரவு 12 என்றால் ஏ.எம். இதற்குக் காரணம் உண்டு. பகல் 12 அடித்து ஒரு நிமிடம் ஆனதும் உச்சி கடந்துவிடுகிறது. 12.01 நிச்சயமாக பி.எம்.தான். அதனால் 12-க்கும் அதே எழுத்தைப் போட்டார்கள். 11-க்குப் பின் 12 வருகிறது. ஆனால் எழுத்து 12-லேயே மாறிவிடுகிறது. இங்கே 12 என்பது பூஜ்யத்தின் வேலையைச் செய்கிறது. செல்போனில் அலாரம் வைக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ரயில்வேயில் இந்தக் குழப்பம் வேண்டாம் என்று 24 மணிக் கணக்கை வைத்திருக்கிறார்கள். பகல் 12 என்பது 12.00. பகல் 1 மணி என்பது 13.00. இரவு 8 மணி என்பது 20.00. இரவு 12 என்பது 00.00. எண் 12-க்கு மேல் இருந்தால் அதில் 12-ஐக் கழியுங்கள். 17.30 என்றால் 17-ல் 12 போக 5. மாலை 5.30.

இங்கே மணி புரிந்துவிட்டது. ஆனால் தேதி குழப்பும். பணம் போவது இங்கேதான். ஒரு டிக்கெட்டில் 15-ம் தேதி, 00.15 மணி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த இரவு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்? பலர் 15-ம் தேதி சாப்பிட்டுவிட்டு, இரவு 11 மணிக்குப் பெட்டியோடு போவார்கள். ரயில் முந்தின இரவே போயிருக்கும். 14-ம் தேதி இரவு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

இந்தத் தவறு ஏன் வருகிறது? இது படிப்பில்லாத குறை இல்லை. நம் பழைய கணக்கு வேறு. நம் பெரியோர் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கும். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். பஞ்சாங்கம் இன்றும் அப்படித்தான் நாளைக் கணக்கிடுகிறது. சிவராத்திரியில் நாம் விடிய விடியக் கண் விழிக்கிறோம். நமக்கு அது ஒரே இரவு. காலண்டரிலோ பாதி இரவில் தேதி மாறிவிடுகிறது. முஸ்லிம் சகோதரர்களுக்கு நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஆபீஸ் கணக்கில் மட்டும் நாள் நள்ளிரவில் பிறக்கிறது. செவ்வாய் இரவு ஒரு மணி என்று நாம் சொல்வோம். அந்தக் கணக்கில் அது புதன்கிழமை.

நம் நாட்டின் சுதந்திரமும் இப்படி வந்ததுதான். 1947 ஆகஸ்டு 14 இரவு 11 மணிக்கு டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. 12 அடித்தது. தேதி 15 ஆனது. சுதந்திரம் பிறந்தது. கூடியது 14 இரவு. நாம் கொண்டாடுவது 15.

ரயிலைத் தவறவிட்டால் பணம் போகும். ஆஸ்பத்திரியில் தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனுக்கு முன், 12 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொன்னால், எந்த 12 என்று கேளுங்கள். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால், உணவு மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். தண்ணீர் குடிக்கலாமா, எத்தனை மணி வரை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்பது நம் உரிமை.

வண்டி இன்சூரன்ஸ் தாளைப் பாருங்கள். இந்தத் தேதி நள்ளிரவு வரை என்று இருந்தால், அந்தத் தேதி முடியும் வரை என்று பொருள். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். முன்னதாகவே புதுப்பித்துவிடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

12 என்று எழுதினால், பக்கத்தில் பகல் அல்லது இரவு என்று எழுதுங்கள். நம் தமிழ்ச் சொல்லில் குழப்பமே இல்லை.

இரவு 12 என்றால், இரண்டு தேதியையும் சொல்லுங்கள். 14 இரவு, 15 விடிந்தால் என்று சொல்லுங்கள்.

கல்யாணப் பத்திரிகையோ கூட்ட அறிவிப்போ நீங்கள் எழுதுவதாக இருந்தால், 12 மணி என்பதை விட்டு 11.55 என்றோ 12.05 என்றோ போடுங்கள். கிழமையையும் சேர்த்துப் போடுங்கள்.

டிக்கெட்டில் மணி 00 என்று தொடங்கினால், முந்தின நாள் இரவே கிளம்புங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. மைசூரில் 20-ம் தேதி இரவு ஒரு ரயில் புறப்படுகிறது. பெங்களூருக்கு 00.20 மணிக்கு வருகிறது. உங்கள் தங்கை அங்கே ஏறுகிறாள். அவள் டிக்கெட்டில் எந்தத் தேதி இருக்க வேண்டும்? அவள் எந்த இரவு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். விடையை நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் தடுமாறினால் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.