மண்ணும் வெள்ளமும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவருள் கரமனை ஆற்றையும் கிள்ளியாற்றையும் அறியாதார் இலர். 2023ஆம் ஆண்டு அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையில் ஆமையிழஞ்சான் தோடு முதலியவை கரை கடந்து தாழ்ந்த பகுதி வீடுகளுள் புகுந்தன. அப்போது எல்லோரும் வாய்க்காலையே குறை கூறினோம். அங்கே தேங்கிய குப்பையும் ஆக்கிரமிப்பும் குற்றமுடையனவே. ஆயினும், வாய்க்காலை அடையுமுன் அந்நீர் எங்கிருந்தது? நம் முற்றங்களிலும் தோட்டங்களிலும் மேட்டு நிலங்களிலும் விழுந்த மழைதானே அது?

சிறு கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் நீர் சேரும். பத்து சென்ட் மனையில் 40,000 லிட்டர். சிமெண்டுத் தரைக்கற்கள் பாவிய முற்றம் இதில் பெரும்பகுதியை உடனே தெருவிற்கு அனுப்பிவிடும். நல்ல மண்ணோ இயன்றதைக் குடித்துப் பல நாட்களில் சிறுகச் சிறுக ஆற்றுக்கு விடும். வெள்ளத்தின் உச்சம் தணிவது இந்தத் தாமதத்தால்தான்.

மண் எவ்வாறு நீரைக் குடிக்கிறது? மண்புழுவும் வேர்களும் துளைத்த வழிகளே அதன் வாய்கள். இலைதழை மக்கிய பொருள் மண் துகள்களைச் சிறு கட்டிகளாகப் பிணைத்து, இடையிடையே வெளி விடுகிறது. மூடாக்கற்ற மண்மீது மழைத்துளி மோதினால் அக்கட்டிகள் உடையும். நுண்துகள்கள் துளைகளை அடைத்துவிடும். வண்டிகள் அழுத்திய நிலமும் அவ்வாறே இறுகிப்போகும்.

மண்ணின் இயல்பைக் காண விரும்புவோர் நகரில் பாறோட்டுக்கோணத்தில் உள்ள கேரள மண் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். மாநிலத்தின் பல்வகை மண்களையும் மேலடுக்கு முதல் அடியடுக்கு வரை வெட்டியெடுத்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

வீட்டிலேயே ஆராயவும் வழியுண்டு. இருபுறமும் திறந்த தகரக் குழாய் ஒன்றை மண்ணில் சிறிது ஆழம் பதித்து, அளவான நீர் ஊற்றி, அது வற்றும் நேரத்தைக் குறியுங்கள். மண்ணியலார் இரட்டை வளையங்கொண்டு செய்யும் சோதனையின் எளிய வடிவம் இது. மாமரத்தடியில் ஒருமுறை, வண்டி நிறுத்துமிடத்தில் ஒருமுறை செய்து பாருங்கள்; வேற்றுமை தானே விளங்கும்.

மருந்தும் அரியதன்று. சருகை எரியாது மரத்தடியில் பரப்புதல், தென்னந்தூரில் தேங்காய் மட்டையைப் புதைத்தல், சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு அமைத்தல் ஆகியவை இவ்வூர் உழவர் நன்கறிந்தவை. கரையில் வெட்டிவேர் நடலாம். ஆழ வேரோடும் அப்புல் உலகெங்கும் நம் தமிழ்ப் பெயராலேயே வழங்குகிறது.

இங்கே எச்சரிக்கை இரண்டு சொல்ல வேண்டும். மண்ணின் வயிற்றுக்கும் அளவுண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்கி ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் வழக்கத்தினும் 42 விழுக்காடு மிகையாக மழை பெய்தது. முன்னரே நனைந்து நிறைந்த மண் அத்தகைய மழையை ஏற்கவியலாது. மண் பேணுதல் சிறு வெள்ளத்தையும் நடுத்தர வெள்ளத்தையும் தணிக்கும். பெருவெள்ளத்தை அது மட்டும் தடுத்துவிடாது.

மற்றொன்று உயிரைப் பற்றியது. சமநிலத்தில் நன்மை தரும் மழைக்குழி செங்குத்தான மலைச்சரிவில் தீங்காகலாம். அடிமண் நீரால் கனத்து வழுக்கினால் சரிவே பெயர்ந்து இறங்கும். 2019இல் கவளப்பாறையிலும் புத்துமலையிலும், 2024இல் வயநாட்டிலும் பெருமழையில் மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்ததை நாம் மறக்கலாகாது. ஆகவே சரிவு நிலத்தில் குழி வெட்டுமுன் மண் பாதுகாப்புத் துறையினரைக் கேட்டறிதல் கடமை.

வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வதென்று கேட்கலாம். முற்றம் முழுவதையும் கல் பாவ வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் ஒரு சொல் சொல்லலாம் அல்லவா? தாழ்விடத்தில் குடியிருப்பவன் நனைவதும் நனையாதிருப்பதும் மேட்டில் இருப்பவன் தன் மண்ணைப் பேணுவதையும் பொறுத்தது. நாம் பிழைக்க வந்த ஊர் இது; இதன் மண்ணைப் பேணுதல் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் உதவியாகும்.