முகத்து முடிக்கு எந்த மஞ்சள்?

நேரே வழக்குக்கு வருகிறேன்.

வழக்கு இதுதான். பெண்களுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் முளைக்கும் முடியை மஞ்சள் போக்குமா? போக்கும், அதிலும் நம் சேலம், நாமக்கல் மஞ்சளின் நிறமே அதற்கு உத்தரவாதம் என்பது என் நண்பர்கள் கட்சி. அவர்களுக்குச் சாட்சி இரண்டு: பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் எழுதினார், பாட்டிமார் பூசினார்கள்.

சுசுருதரை முதலில் விசாரித்து அனுப்பிவிடுவோம். சுசுருத சம்ஹிதையில் சிகிச்சா ஸ்தானத்தின் முதல் அத்தியாயம் புண்ணுக்குச் செய்யவேண்டிய 60 உபக்கிரமங்களை, அதாவது சிகிச்சை முறைகளை, அடுக்குகிறது. முடி களைவது அவற்றுள் ஒன்று. புண்ணைச் சுற்றிய முடி அதை ஆறவிடாது என்பதால் சவரக்கத்தி, கத்தரி, இடுக்கி கொண்டு நீக்கச் சொல்கிறார். மருந்தென்றால் சங்குப்பொடி இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, புளித்த காடியில் அரைத்துப் பூசவேண்டும். அரிதாரம் என்பது ஆர்செனிக் சல்பைடு. அந்த மருந்துக் கலவையில் மஞ்சளும் இல்லை, மங்கையர் முகமும் இல்லை. அறுவை மருத்துவருக்குச் சொன்னதை அழகுக் குறிப்பாக மேற்கோள் காட்டுவதை இன்றோடு நிறுத்தினால் நல்லது.

இனி மஞ்சள். நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்துக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து வைத்திருப்பார்கள். வியாபாரி ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பார். அந்த நிறம் குர்குமின் தருவது. ஆனால் அந்த விரலி நம் கைக்கு வருமுன் என்ன பட்டது? வெட்டி எடுத்த கிழங்கை வேகவைத்தார்கள், களத்தில் நாள்கணக்கில் காயப்போட்டார்கள், பீப்பாயில் உருட்டி மெருகேற்றினார்கள். நிறம் பெரும்பாலும் தப்பிவிடும். ஆவியாகக்கூடிய எண்ணெயில் ஒரு பகுதி கொப்பரையிலும் வெயிலிலும் போய்விடும். என் வழக்கே அந்த எண்ணெயைப் பற்றியதுதான்.

முடி வளர்ச்சியோடு மஞ்சள் இனத்தை இணைத்து நடந்த ஆய்வுகளில் கவனிக்கத்தக்கவை தாய்லாந்தில் நடந்தவை. எடுத்துக்கொண்ட செடி நம் சமையல் மஞ்சளன்று. குர்குமா எருஜினோசா என்ற அதன் பங்காளி, உள்ளே நீலம் ஓடிய கிழங்கு. அதன் எண்ணெயைச் சேர்த்த பூச்சு அக்குள் முடியின் வளர்ச்சியைத் தணித்தது. அந்தக் கிழங்கிலிருந்து பிரித்த ஜெர்மாக்ரோன் என்ற பொருள், டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமுள்ள வடிவமாக்கும் 5-ஆல்பா ரிடக்டேஸ் நொதியை ஆய்வுக்கூடத்தில் தடுத்தது. இது மணத்தின் கூறு, மஞ்சள் நிறத்தின் கூறன்று. நம் விரலி எண்ணெயில் மிகுதி டர்மரோன் வகை. ஆகவே குர்குமின் விழுக்காட்டைக் காட்டி முகமுடிக்குச் சான்று சொல்வது, ஏலக்களத்து அளவுகோலை மருந்தறைக்குள் தூக்கி வருவதாகும்.

கஸ்தூரி மஞ்சளைச் சொல்கிறோம் ஐயா என்பார்கள். எந்தக் கஸ்தூரி மஞ்சள்? குர்குமா அரோமாட்டிகா என்ற உண்மையான கஸ்தூரி மஞ்சளை ஒடித்தால் உள்ளே வெளிறிய சந்தன நிறம். கற்பூரம் கலந்த வாசம். பூசினால் தோலில் கறை நிற்காது. நாட்டுமருந்துக் கடைப் பொட்டலத்திலோ பளீரென்ற மஞ்சள். கேரளத்தில் மஞ்சக்கூவை எனப்படும் குர்குமா செடோரியா இந்தப் பெயரில் விற்கப்படுவதைத் தாவரவியலார் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மாக்ரோன் அந்த மஞ்சக்கூவையிலும் உண்டு. போலி என்று நாம் தள்ளும் சரக்கு, நண்பர்கள் போற்றும் விரலியைவிட ஒருவேளை இந்த வேலைக்கு நெருக்கமாக இருக்கலாம். சோதிக்காதவரை இதுவும் ஊகந்தான். ஆனால் சோதிக்கத் தகுந்த ஊகம்.

பாட்டிமாரை நான் மறுக்கவில்லை. குண்டு மஞ்சளைக் கல்லில் உரைத்து, கன்னம் சிவக்கத் தேய்த்துக் குளித்தார்கள். அதில் பூனைமுடி தேய்ந்ததா, மஞ்சள் பூத்த முகத்தில் முடி கண்ணுக்குப் படவில்லையா, தடவிய பொருள் வேரைத் தளர்த்தியதா? மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் மூன்றாவதற்கு மட்டும் மாலை போடுகிறோம்.

உள்மருந்துக்கு வருவோம்; முகமுடி மாதவிலக்குக் கோளாறோடும் பிணைந்தது. மாதவிலக்கு தடைப்பட்டால் மீன், கொள்ளு, புளிப்பு, எள், உளுந்து கொடுக்கச் சொல்கிறது சுசுருதரின் சாரீர ஸ்தானம். ராசிபுரத்து மானாவாரிக் காட்டில் கொள்ளும் எள்ளும் காண்கிறோம். பெண் பெரியவளானால் உளுந்தங்களியும் கிண்டுகிறோம். ஆனால் சுசுருதர் இவற்றைச் சொல்லும் இடத்தில் முடியைப் பற்றிப் பேச்சில்லை. மாதவிலக்குக் கோளாறு, மிகுமுடி, உடற்பருமன், பருத்த சினைப்பை ஆகியவற்றை ஒன்றாகக் கோத்து 1935இல் ஏழு பெண்களைப் பற்றி எழுதியவர்கள் ஸ்டெயினும் லெவெந்தாலும். நம்மூரில் நீர்க்கட்டி என்கிறோமே, அது. ஆகவே தாடையில் முடி என்று வரும் பெண்ணிடம் முதலில் கேட்கவேண்டியது மாதவிலக்கைப் பற்றி. சில மாதங்களுக்குள் முடி அடர்ந்து குரலும் தடித்தால் பூச்சும் கஷாயமும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

முகமுடிக்கு உள்மருந்தாகச் சொல்லப்படும் புதினா வகைத் தேநீரைப் பற்றியும் சுருக்கமாக. துருக்கியிலும் இங்கிலாந்திலும் சோதித்தார்கள். இங்கிலாந்தில் ஒரு மாதத்தில் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. அளந்து பார்த்ததில் முடி குறையவில்லை. முடியின் சுழற்சிக்கு ஒரு மாதம் போதாது. ஆறு மாதமாவது காத்திருக்காத எந்த ஆய்வையும் நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக மாணவர்களுக்குச் சில வேலைகள். சேலம், நாமக்கல் நாட்டுமருந்துக் கடைகளில் கஸ்தூரி மஞ்சள் வாங்கி எந்த இனமென்று பிரியுங்கள். வேகவைக்காத கிழங்கின் எண்ணெயையும் வேகவைத்ததையும் ஒப்பிடுங்கள். முடியை, அதன் அடர்த்திக்கு மதிப்பெண் தரும் ஃபெரிமன்–கால்வே அட்டவணையால் அளவிடுங்கள். ஆனால் எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் நோய் என்பது இனத்துக்கு இனம் மாறும், நமக்கென்று ஒரு வரம்பு வகுக்கவேண்டும். முகத்தின் ஒரு பக்கம் மருந்துப் பூச்சு, மறுபக்கம் வெறும் பூச்சு என்று ஆறு மாதம் நடத்துங்கள். அரிதாரம் கலந்த பொடி எங்காவது விற்கிறதா என்றும் பாருங்கள். மாதவிலக்குக்குச் சொன்ன கொள்ளுத் தானியத்தை யாராவது தனியே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளட்டும்.