வணிகம் போரைத் தடுக்குமா?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கலேவெலயில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)

 

நூற்றாண்டு விழாவில் விடுதிக் கதைகளையும் வகுப்பறைக் குறும்புகளையும் பேசுவதே வழக்கம். அவற்றைப் பகற்சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்வோம். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு வேறு. நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, ஒன்றுக்கு ஒன்று விற்று, ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தால் அவற்றுக்கிடையே போர் வராமல் இருக்குமா? நமது சங்கத்தின் நூறு ஆண்டுகளுக்குள் ஓர் உலகப் போரும் நம் நாட்டின் நீண்ட உள்நாட்டுப் போரும் நடந்து முடிந்துவிட்டன. ஆகையால் இது நமக்கு வெறும் பரீட்சைக் கேள்வி அல்ல.

இந்த மண்டபத்துக்கு வந்த வீதியையே முதலில் பாருங்கள். அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல், கலேவெல, தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதி இது. தம்புள்ளையில் இது, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியைச் சந்திக்கிறது. அங்கே 1999 இல் திறக்கப்பட்ட விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் மலைநாட்டுக் கரட்டும் வடக்கின் சின்ன வெங்காயமும் எங்கள் பகுதிப் பெரிய வெங்காயமும் ஒரே கூரையின் கீழ் விலை பேசப்படுகின்றன. தராசில் ஏறும் மூட்டையிடம் யாரும் மொழி கேட்பதில்லை. இதைப் பார்க்கும் எவருக்கும், கொடுக்கல் வாங்கல் பெருகினால் சண்டை குறையும் என்றுதான் தோன்றும்.

உலகமும் ஒருகாலம் அப்படித்தான் நம்பியது. நோர்மன் ஏஞ்சல் என்ற ஆங்கிலேயர் 1909 இல் ஒரு நூல் எழுதினார். பிற்பாடு அது ‘மாபெரும் மாயை’ என்ற பொருள்படும் பெயரில் புகழ்பெற்றது. நாடுகளின் வணிகமும் கடனும் இவ்வளவு பின்னிப்போன பிறகு போரில் வென்றவனுக்கும் இலாபம் இல்லை என்பது அவர் வாதம். பலர் அதை, இனிப் போரே வராது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1914 இல் போர் வந்தது. அதுவரை பிரித்தானியாவும் ஜேர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். போரில் இலாபம் இல்லை என்று ஏஞ்சல் சொன்னது பிழைக்கவில்லை. இலாபம் இல்லை என்று தெரிந்தால் மனிதர் நிறுத்திக்கொள்வார்கள் என்று மற்றவர்கள் நம்பியதுதான் பிழைத்தது.

சில வேளைகளில் ஒருவரை ஒருவர் நம்பியிருப்பதே போருக்கு வழிவிடும். ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜப்பான் தென் இந்தோசீனாவுக்குள் படையை நகர்த்தியதும், 1941 இல் அமெரிக்கா அந்தக் குழாயை மூடிவிட்டது. ஜப்பான் பின்வாங்கவில்லை, எண்ணெய் உள்ள நாடுகளைப் பிடிக்கப் புறப்பட்டது. அந்தப் போர் 1942 ஏப்ரல் 5 இல் கொழும்புக்கும் ஏப்ரல் 9 இல் திருகோணமலைக்கும் குண்டாக வந்து விழுந்தது. அதே ஆண்டில் பர்மா ஜப்பானியர் கையில் போக, பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையில் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கூப்பனுக்கு வரிசையில் நின்ற கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். ஒரே கதவை நம்பியிருக்கும் வீட்டுக்கு, அந்தக் கதவை இன்னொருவர் பூட்டக்கூடும் என்ற பயம் எப்போதும் இருக்கும்.

இனி நம் நாட்டுக்குள் வருவோம். இது இரு நாடுகளின் கதை அல்ல. ஆனாலும் இதைவிட நெருங்கிய பாடம் நமக்கு இல்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டு தலைமுறை தலைமுறையாகச் சிங்களக் கிராமங்களில் விற்கப்பட்டது. யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கை ஊர்களில் சுருட்டுக் கடை வைத்து, அந்த ஊர் மொழியையும் பேசி வாழ்ந்தார்கள். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வடக்கின் மிளகாயும் வெங்காயமும் தெற்கில் நல்ல விலைக்குப் போயின. 1977 க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்தக் கமக்காரர்கள் அடிபட்டுப் போனார்கள்.

இத்தனை கொடுக்கல் வாங்கல் இருந்தும் 1958 ஐயோ 1977 ஐயோ 1983 ஐயோ தடுக்க முடியவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் கடைகளும் தொழிற்சாலைகளும் எரிந்தன. அவற்றில் வேலை செய்த சிங்களத் தொழிலாளரும் வேலை இழந்தார்கள். பிறகு வந்த போர்க்காலத்தில், 2002 இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தது, லொறிகள் ஓடின. 2006 ஆகஸ்டில் அது மறுபடி மூடப்பட்டது. வாங்கவும் விற்கவும் ஆவலாக இருந்த இரு பக்கத்து மக்களாலும் அந்தப் பாதையைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

ஏன்? மொழி, காணி, ஆட்சி பற்றிய பிணக்குகளைக் கடை மேசையில் வைத்துத் தீர்க்க முடியாது. சுருட்டு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை இல்லை. சண்டை வேறிடத்தில் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானித்தவர்கள் வேறு, விலை கொடுத்தவர்கள் வேறு. வடக்கிலும் சரி, இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் சரி, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களில் தோட்டத்தில் குனிந்து வேலை செய்த தாய்மார் எத்தனையோ பேர்.

அப்படியானால் வணிகத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. 1950 மே 9 இல் பிரான்சின் வெளிவிவகார அமைச்சர் ரொபேர்ட் ஷூமன் ஒரு யோசனையை முன்வைத்தார். அடுத்த ஆண்டே பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது அதிகார சபையின் கீழ்க் கொண்டுவர உடன்பட்டன. பீரங்கி செய்யத் தேவையான இரண்டு பொருள்களும் அவைதாம். அந்த நாடுகள் முன்பும் வணிகம் செய்தவைதாம். புதிதாகச் சேர்ந்தது, எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமும் முறையிட ஒரு நீதிமன்றமும். பிரான்சும் ஜேர்மனியும் அதன் பின் ஒன்றோடொன்று போரிடவில்லை. வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இதை யாரும் ஒதுக்கிவிட முடியாது.

அதே ஐரோப்பாவில் இன்னொரு முயற்சி தோற்றது. ஜேர்மனி தான் இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிடம் வாங்கிவந்தது. வாங்குபவரும் விற்பவரும் இவ்வளவு நெருங்கிவிட்டால் ரஷ்யா போருக்குப் போகாது என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீது படையெடுப்பு நடந்தது. அங்கே குழாய் இருந்தது; போட்ட கணக்கைத் தட்டிக்கேட்கப் பொதுவான சபை இல்லை.

நம் நாட்டிடமும் பெருமைப்பட ஒன்று உண்டு. 1952 இல் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. அப்போது கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இதை விரும்பவில்லை. சீனாவுடன் முழுமையான இராஜதந்திர உறவு ஏற்பட்டதே 1957 இல்தான். தூதரகம் திறக்குமுன் அரிசி மூட்டை வந்தது. இரண்டு பக்கமும் தமக்குத் தேவையானதைப் பெற்றபடியால் அந்த உடன்படிக்கை பல தடவை புதுப்பிக்கப்பட்டது.

கடைசியாக எங்கள் வெங்காயம். சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் செய்யும் இப்பகுதிக் கமக்காரர், அறுவடை நேரத்தில் இந்திய வெங்காயத்துக்கு வரியை உயர்த்தக் கேட்பார்கள். நகரத்துக் குடும்பங்கள் வரியைக் குறைக்கக் கேட்பார்கள். 2023 டிசம்பரில் இந்தியா தன் மக்களுக்காக வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே விலை ஏறியது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 மெட்ரிக் தொன் அனுப்ப விசேட அனுமதி கிடைத்தது. கறிச்சட்டிக்குள் விழுந்த பிணக்கு பேச்சோடு முடிந்தது. சமாதானம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். யாரும் முழுத் திருப்தியோடு வீட்டுக்குப் போகமாட்டார்கள், ஆனால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

ஆகவே எங்கள் முடிவு இது. வணிகம் போரின் விலையை ஏற்றும். அந்த விலையைக் கொடுக்கப் போகிறவர்களுக்குத் தீர்மானத்தில் பங்கு இருந்தால் மட்டுமே அது போரைத் தடுக்கும். ஓர் உடன்படிக்கையைப் பற்றிக் கேள்விப்படும்போது நாம் மூன்று விடயங்களைக் கேட்போம். ஒரு பக்கம் மட்டும் மறுபக்கத்தின் கழுத்தைப் பிடித்திருக்கிறதா? பிணக்கு வந்தால் முறையிட இடம் உண்டா? இதில் கமக்காரருக்கும் கூலி வேலை செய்பவருக்கும் குரல் உண்டா?

சகோதரிகளே, நம்மில் சிலர் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் டோஹாவிலும் இருக்கிறார்கள். பலர் இங்கேயே இருக்கிறோம். வாக்களிக்கிறோம், பிள்ளைகளை வளர்க்கிறோம், கடை நடத்துகிறோம், அலுவலகங்களில் கையொப்பம் வைக்கிறோம். கேள்வி கேட்கப் பழக்கிய கல்லூரி நம்முடையது. அந்தப் பழக்கத்தைப் பரீட்சை மண்டபத்தோடு விட்டுவிடாமல் வைத்திருந்தால், அடுத்த நூறு ஆண்டில் இந்த வீதியால் லொறிகள் மட்டும் போகும்; படை வண்டிகள் போக வேண்டியிராது.