இசைநரம்பியல்



டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவாள் என்று வந்திருப்பீர்கள். அதற்கு இன்னொரு நாள் வருகிறேன். இன்று காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் படித்த காலத்தில் அவர் துறவி, கவிஞர், மாலை போட்ட ஒரு படம். கலை வரலாற்றை எழுதியவர் என்று எனக்குத் தெரியாது. நாற்பது வயதுக்குப் பிறகே யாழ்நூலைத் திறந்தேன். யாழுறுப்பியல், இசைநரம்பியல் என்று இயல்களுக்குப் பெயர். நரம்பியல் என்றால் எனக்கு ஆஸ்பத்திரி வார்ட். அவருக்கு யாழின் தந்தி!

யாழ் வழக்கொழிந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பார்க்கவோ மீட்டவோ கருவி இல்லை. நோயாளி இல்லாமல் பழைய குறிப்புகளை மட்டும் வைத்து நோயறிவது போன்ற வேலை. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, நரம்புகளின் தொகையையும் சுரங்களின் அளவையும் ஆண்டுக்கணக்காகக் கணக்கிட்டார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த நூல் வந்திராது என்பது என் எண்ணம்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த 'மதங்க சூளாமணி' அவருடைய விமர்சனம். இமயமலை மாயாவதியிலிருந்து 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில இதழையும் நடத்தினார். அந்த நாட்களிலும் யாழை விடவில்லை. எங்கள் வாவியின் நீரரமகளிருக்கும் யாழ்நூலில் இடம் கொடுத்தார்.

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. ஜூலை 19இல் அவர் மறைந்தார். சமாதி கல்லடியில், அவர் கட்டிய சிவானந்த வித்தியாலயத்தில் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். நானும் பலமுறை பார்க்காமல் போயிருக்கிறேன்.

பின்வரிசைப் பிள்ளைகளே, சாதாரண தரம் முடிந்ததும் உயிரியல் படிக்கவென்று வீணையை உறையில் போட்டவள் நான். "இனி ஏன் பிள்ளை உனக்கு அது?" என்று கேட்டார்கள், எனக்கும் மறுமொழி தெரியவில்லை. உங்களிடமும் கேட்பார்கள். அப்போது இவருடைய பெயரைச் சொல்லுங்கள்.

என் வீணை தங்கை வீட்டில் கிடந்தது. இரண்டு தந்திகள் அறுந்துவிட்டன. போன மாதம் எடுத்து வந்திருக்கிறேன்.