கிறுக்கலைக் கண்டு பயப்பட வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் மாலை நேர வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

மதிப்பெண் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறோம். பிள்ளைகள் கட்டுரை எழுதுவது பற்றி.

நமது கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில், குடும்ப நிலையைச் சுருக்கமாக எழுதும்படி ஓர் இடம் விட்டிருக்கிறோம். அதைப் படிக்கும்போது மனம் வருந்துகிறது. பல விண்ணப்பங்களில் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு. கம்ப்யூட்டர் சென்டரில் யாரோ எழுதிக் கொடுத்தது. பத்து வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குத் தன் வீட்டுக் கஷ்டத்தைத் தன் சொல்லில் பத்து வரி எழுத வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று சொல்ல மாட்டோம். நோட்ஸை மனப்பாடம் செய்யச் சொன்னோமே தவிர, எழுத நாம் கற்றுக்கொடுக்கவில்லை.

இதில் எங்கள் தவறும் உண்டு. பிள்ளை நோட்டைக் கொண்டுவந்ததும் சிவப்புப் பேனாவைத்தான் எடுத்தோம். ல, ள, ழ பிழை, ஒற்றுப்பிழை என்று எல்லாவற்றையும் சுழித்தோம். ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், கொஞ்ச நாளில் நான்கு வரியோடு நிறுத்திக்கொண்டான். ஏன் என்று கேட்டோம். "தப்பு வராத வார்த்தையா பார்த்து எழுதுறேன் சார்" என்றான். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

அதன்பின் முறையை மாற்றினோம். ஒரு நாள் நோன்புக் கஞ்சியைப் பற்றி எழுதச் சொன்னோம். ஒரு மாணவி, "நோன்புக் கஞ்சி மிகவும் சுவையானது. உடலுக்கு நல்லது. அனைவரும் குடிக்க வேண்டும்" என்று மூன்று வரி எழுதினாள். பிழையே இல்லை. ஆனால் அதில் அவளும் இல்லை.

பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தோம். கஞ்சி வாங்க யாரம்மா போவது? எத்தனை மணிக்கு? வழியில் என்ன நடக்கும்? வாயாரச் சொன்னாள். சொன்னதிலிருந்து ஐந்து சொற்களை ஒரு துண்டுச் சீட்டில் குறிக்கச் சொன்னோம்: அஸர், தூக்குச்சட்டி, வரிசை, வெந்தய வாசனை, உம்மம்மா. எதை முதலில் சொல்வது, எதில் முடிப்பது என்று எண் போட்டாள். பாடப்புத்தகம் குறிப்புச் சட்டகம் என்று சொல்வது இதைத்தான்.

பிறகு ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொன்னோம். திருத்த இடம் வேண்டுமல்லவா? எழுதியதை அவளே சத்தமாகப் படித்தாள். நாக்கு தடுக்கிய இடத்தில் கோடு போட்டாள். ஒரே செய்தி இரண்டு முறை வந்ததை அடித்தாள். விட்டுப்போனதை இடைவெளியில் சேர்த்தாள். எழுத்துப்பிழையைக் கடைசியில்தான் பார்த்தோம்.

அவள் கட்டுரை இப்படி முடிந்தது: "கஞ்சி தளும்பாமல் நடக்க எனக்குப் பயம். உம்மம்மா வாசலில் நிற்பார். சட்டியைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று சிரிப்பார்." இதை எந்த நோட்ஸிலும் பார்க்க முடியாது.

பெரியோர்களே, இது புதுமையான முறை அல்ல. அரபு எழுத்துலகில் திருத்தலோடு கூடிய முதல் பிரதிக்கு முஸவ்வதா என்று பெயர். கறுப்பாக்கப்பட்டது என்று பொருள். சுத்தமாகப் பார்த்தெழுதிய பிரதி முபய்யதா, அதாவது வெள்ளையாக்கப்பட்டது. 1442-இல் மறைந்த எகிப்திய வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸீ, கெய்ரோவைப் பற்றிய தம் பெருநூலுக்குக் கைப்பட எழுதிய முஸவ்வதாவின் ஒரு பகுதி இன்றும் இஸ்தான்புல்லில் இருக்கிறது. அத்தகைய அறிஞருக்கே முதல் பிரதி தேவைப்பட்டதென்றால், நம் பிள்ளையின் நோட்டில் அடித்தல் இருப்பது அவமானமா?

பரீட்சையில் இரண்டு முறை எழுத நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பரீட்சையில் ஐந்து நிமிடம் குறிப்பு எடுக்கலாம், கடைசி ஐந்து நிமிடம் படித்துப் பார்க்கலாம். வீட்டில் பலமுறை திருத்திப் பழகிய பிள்ளைக்கு அங்கே முதல் தடவையே ஓரளவு சீராக வரும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்றே காரியம். ஒன்று, எழுதுமுன் பிள்ளை அதை உங்களிடம் வாயால் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம், காது கொடுத்தால் போதும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். இரண்டு, அடித்தல் திருத்தலைக் கண்டு ஏசாதீர்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடவும் வேண்டாம், நோட்டிலேயே இருக்கட்டும். மூன்று, பிழையைச் சுட்டுமுன் நன்றாக வந்த ஒரு வரியைச் சொல்லிக் காட்டுங்கள்.

அந்த ஏழாம் வகுப்புப் பையன் இப்போது மறுபடியும் ஒரு பக்கம் எழுதுகிறான், அல்ஹம்துலில்லாஹ். பிழைகள் இருக்கின்றன. அவற்றை அவனே தேடிக் கண்டுபிடிக்கிறான். நாளை உதவித்தொகைக்கோ, வேலைக்கோ, வார்டில் தண்ணீர் வரவில்லை என்ற புகாருக்கோ நம் பிள்ளைகள் பிறர் கையை எதிர்பார்க்காமல் தாங்களே எழுத வேண்டும். இன்ஷா அல்லாஹ், எழுதுவார்கள். வல்ல ரஹ்மான் அவர்களுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.