வாசலிலிருந்து ஊசி வரை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மெக்கானிக்கல் படிச்சவனுக்குப் பக்கவாதத்தைப் பத்தி என்ன பேச்சு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நான் வைத்தியம் பேச வரவில்லை. ஒரு வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்ப்பது நம்ம தொழில். அதைத்தான் பேசப் போகிறேன்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் போட முடியாது. கசிவாக இருந்தால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே, ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகும் நேரம் ஓடுகிறது.

பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-ல் வாசலிலிருந்து ஊசி வரை பொதுவாக 105 நிமிஷம் ஆனது. 2011-ல் 20 நிமிஷம்! மருந்து அதேதான். மாறியது வேலையின் வரிசை. ஆம்புலன்ஸ்காரர் வழியிலேயே தகவல் சொல்லிவிடுவார். நோயாளி வருவதற்குள் பழைய விவரங்களைச் சேகரித்து, மருந்தையும் கலந்து வைத்துவிடுவார்கள். ஸ்கேன் மிஷினை அவசரப் பிரிவுக்கே கொண்டுவந்தார்கள். நோயாளி நேரே ஸ்கேன் மேஜைக்குப் போவார், ஊசியும் அங்கேயேதான்.

ஊசியோடு கதை முடிந்துவிடாது. ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் நர்ஸுகள் முறைப்படி கவனித்த இடங்களில், 90 நாளில் இறந்தவர்களும் பிறர் உதவியில் வாழ்பவர்களும் 100-க்கு 42 பேர். மற்ற இடங்களில் 58. விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் நாம் பாசத்தோடு ஊற்றும் ஒரு வாய் காப்பி நுரையீரலுக்குள் போய்விடலாம். நிமோனியா வர அது போதும்.

முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று விடாதீங்க. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மணியைக் குறித்துக்கொண்டு, உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

இன்னொன்று. நல்லா இருக்கும்போதே உங்க ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டு வைங்க: ராத்திரியில் ஸ்கேன் உண்டா? இந்த ஊசி போடுவீங்களா? வாசலிலிருந்து ஊசிக்கு எத்தனை நிமிஷம் ஆகுது, குறித்து வைக்கிறீங்களா? நம்ம லேபில் ரீடிங் இல்லாத ரெக்கார்டில் எந்த வாத்தியாரும் கையெழுத்துப் போட்டதில்லை. உயிர் விஷயத்திலும் ரீடிங் கேட்போம்.